பண்ணை ஏரியின் கரையும் வரப்போகும் பருவமழையும்

செங்கல்பட்டுப் பக்கத்தில் எங்கள் உறவினர் சிலர் சேர்ந்து வாங்கிய பண்ணை நிலத்தில், ஓடை ஒன்றின் குறுக்கே 18 அடி உயரத்துக்கு மண்கரை எழுப்பி, ஏறக்குறைய இரண்டு ஏக்கர் பரப்பில் நீரைத் தேக்கி வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து வார இறுதியில் சென்று படகு விடவும் தூண்டில் போடவும் அமைந்த ஏரி அது. அதை நம்பி ஒரு காணி நிலமும் பயிராகவில்லை. நீர்ப்பாசனப் பணியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், மழைக்கு முன் கரையைப் பார்த்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். கண்டதை அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். சென்னையைச் சுற்றி இத்தகைய ஏரி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கும் எழுதுகிறேன்.

பாசன ஏரி ஆண்டுதோறும் கோடையில் வற்றுகிறது. அப்போது உட்சரிவு வெளியே தெரிகிறது. நண்டு வளையும் எலி வளையும் கண்ணில் படுகின்றன. மதகு திறந்து மூடப்படுவதால் துருப்பிடித்துக் கிடப்பதில்லை. பொழுதுபோக்குக்காக வைத்திருக்கும் ஏரிக்கோ அந்த வாய்ப்பே இல்லை. நீர் குறைந்தால் அழகு குறையும் என்று ஆண்டு முழுவதும் அதை நிரம்பிய நிலையிலேயே வைத்திருக்கிறார்கள். உரிமையாளர்கள் எப்போதும் நீரைப் பார்த்தபடி அமர்கிறார்கள். கரையின் வெளிச்சரிவுக்கு இறங்கிப் போவதற்கு அவர்களுக்குக் காரணமே இருப்பதில்லை. ஆபத்து முதலில் தலைகாட்டுவதோ அந்த வெளிச்சரிவின் அடியில்தான்.

நான் பார்த்தவற்றுள் என்னை மிகவும் கவலைகொள்ள வைத்தது கலங்கல். உபரி நீர் வெளியேற வேண்டிய அந்த வாயில் முழுவதும், வளர்ப்பு மீன் தப்பிவிடக் கூடாது என்பதற்காக வலை கட்டியிருந்தார்கள். வெள்ளத்தில் வரும் தழையும் பிளாஸ்டிக் குப்பையும் அந்த வலையில் சேர்ந்தால் கலங்கல் அடைபடும். நீர் ஏறிக் கரையின் மேல் வழியும். மண்கரை அதைத் தாங்காது. வழிந்த நீர் வெளிச்சரிவை அரித்துக்கொண்டே உள்நோக்கி வரும். சில மணி நேரத்தில் கரை பிளந்துவிடக் கூடும். போதாக்குறைக்கு, கார் ஏறி இறங்கும் இடத்தில் கரையின் உச்சி முக்கால் அடி அமிழ்ந்திருந்தது. வழியும் நீர் முழுவதும் அந்தத் தாழ்ந்த இடத்தைத்தான் தேடிச் செல்லும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சவுத் ஃபோர்க் என்னும் மண் அணையைச் செல்வந்தர்களின் மீன்பிடி மன்றம் ஒன்று 1879-இல் வாங்கியது. அதற்கு முன்பே அணையின் வடிகால் குழாய்கள் அகற்றப்பட்டிருந்தன. மன்றத்தினர் அவற்றைத் திரும்பப் பொருத்தவில்லை. வண்டிகள் போவதற்காகக் கரை உச்சியைத் தாழ்த்தி அகலமாக்கினார்கள். மீன் தப்பாதிருக்க உபரிநீர்ப் போக்கின் குறுக்கே கம்பித்தடுப்பு வைத்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் கரை உடைந்தது. கீழேயிருந்த ஜான்ஸ்டவுன் நகரிலும் வழியிலிருந்த ஊர்களிலும் 2,209 பேர் இறந்தார்கள். நம்முடைய கரை அதனோடு ஒப்பிட மிகச் சிறியது. ஆனால் வலை, வண்டித்தடம் இரண்டும் அப்படியே இங்கே இருந்ததைப் பார்த்தபோது எனக்கு மனம் பதறியது.

சிறியது என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு டன். இரண்டு ஏக்கரில் சராசரியாக இரண்டு மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 16,000 டன் நீர், கீழே ஓடையோரம் குடியிருப்பவர்களுக்கு மேலே நிற்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில், தனியார் கல்லூரி ஒன்றுக்குச் சொந்தமான கெல்லி பார்ன்ஸ் அணை ஏறக்குறைய 40 அடி உயரமே உடையது. மின்னுற்பத்தி நின்றபின் பொழுதுபோக்குக்காக மட்டுமே இருந்தது. அது 1977 நவம்பர் 6 அன்று பின்னிரவில் உடைந்ததில் 39 பேர் உயிரிழந்தனர்.

அடுத்தது கசிவு. எல்லா மண்கரையும் ஓரளவு கசியும். தெளிந்த நீர் மாறாத அளவில் கசிந்தால் கண்காணித்து வந்தால் போதும். கலங்கலாக வரும் நீர் கரையின் உள்ளிருந்து மண்ணை எடுத்து வருகிறது என்று பொருள். உள்ளே சுரங்கம் உருவாகிறது. கசியும் நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்து, அடியில் வண்டல் படிகிறதா என்று பார்த்தாலே வேறுபாடு தெரியும். கரைக்குள் பதித்த பிவிசி குழாயின் வெளிமுனையைச் சுற்றிக் கோரை தழைத்திருந்தது. "அங்கே எப்பவுமே ஈரம்தாங்க ஐயா, வெயில் காலத்திலேயும் காயாது" என்றார் காவலாளி. குழாயின் வெளிப்பரப்பை ஒட்டி மண் சரியாக இறுகுவதில்லை என்பதால், நீர் பெரும்பாலும் அந்த வழியைத்தான் பிடிக்கும். கலங்கிய கசிவைக் கண்டதும் வெளிப்பக்கத்தில் களிமண் வைத்து அடைக்க ஓடுகிறார்கள், அது தவறு. அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி வேறிடத்தில் பீறிடும். மணலும் அதன்மேல் சரளையும் பரப்பி, நீரை விட்டு மண்ணை மட்டும் தடுக்க வேண்டும். கூடவே ஏரியின் மட்டத்தைக் குறைக்க வேண்டும். ஒரே நாளில் குறைத்தால் நனைந்த உட்சரிவு சரியும். சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

நிழலுக்காகக் கரைமேல் வைத்த மரங்களைப் பற்றி அங்கே நீண்ட வாக்குவாதம் நடந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னை மரங்களை வேரோடு சாய்த்ததை அனைவரும் பார்த்திருக்கிறோம். கரைமேல் அப்படி ஒன்று சாய்ந்தால் வேர்ப்பிடி மண் முழுவதும் பெயர்ந்துவிடும். வெட்டிவிட்டு வேரை அப்படியே விட்டாலும், அது மக்கியபின் நீருக்கு வழியாகும். ஆகவே நீரை இறக்கி, வேரோடு எடுத்து, குழியை அடுக்கடுக்காக இடித்து நிரப்ப வேண்டும். இதை மழைக்கு முன் அவசரமாகத் தொடங்கக் கூடாது. தை பிறந்தபின் செய்யலாம்.

அரசு அதிகாரி யாராவது வந்து எச்சரிப்பார் என்று காத்திருக்கவும் முடியாது. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் குறிப்பிட்ட சில வகைகளையும் மட்டுமே தழுவுகிறது. பண்ணை ஏரிகள் அதன் வரம்புக்குள் வருவதில்லை. அதனால் பொறுப்பு முழுவதும் உரிமையாளர்களுடையதே.

வலையை அன்றே அறுத்து எடுத்துவிட்டார்கள். செப்டம்பர் முடிவதற்குள் நீர்மட்டத்தை மூன்றடி குறைக்கவும், அமிழ்ந்த கரையைச் சரளைமண் கொட்டி உயர்த்தி இறுக்கவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஓடையோரக் குடியிருப்பினரின் கைபேசி எண்களைக் காவலாளியிடம் கொடுத்து, கசிவு கலங்கினால் முதலில் அவர்களையே அழைக்கும்படி சொல்லியிருக்கிறோம். குழாயைத் தோண்டி எடுத்து முறையாகப் பதிக்கும் செலவை யார் ஏற்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அது முடிவாகும்வரை ஏரியை நிரப்ப வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.