எம்டிஎஸ் (பல் மருத்துவ மேற்படிப்பு) யோசனை: பட்டுக்கோட்டை கிளினிக் குறிப்புகள்

ஜூன் 3

மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை. வேருக்குள் மூன்று கால்வாய் கிடைத்தன, நான்காவது சிக்கவில்லை. இந்தப் பல்லில் பாதிக்கும் அதிகமான பேருக்குக் கன்னப்பக்க முன்வேரில் இன்னொரு மெல்லிய கால்வாய் ஒளிந்திருக்கும். வெறுங்கண்ணால் தோண்டிக்கொண்டே போனால் பல்லின் தரை ஓட்டையாகிவிடும். தற்காலிக அடைப்பு வைத்து, தஞ்சாவூர் எண்டோ (வேர் சிகிச்சை நிபுணர்) டாக்டருக்குக் கடிதம் கொடுத்தேன். "அவ்வளவு தூரம் யாரும்மா அலையறது, பிடுங்கி விட்டுடு" என்றார் பெரியவர். இங்கே கடிதம் கொடுத்த பல் பெரும்பாலும் பிடுங்கத்தான் திரும்பி வருகிறது.

ஜூன் 9

அண்ணன் போனில் அதே பாட்டு: வெறும் பிடிஎஸ் பட்டத்துக்கு மதிப்பில்லையாம். நீட் எம்டிஎஸ் நுழைவுத் தேர்வில் 240 கேள்விகள், 3 மணி நேரம், தப்புக்கு ஒரு மார்க் போகும். முதலாண்டு அனாட்டமியிலிருந்து திரும்பப் படிக்க வேண்டும். எம்டிஎஸ்ஸில் மொத்தம் 9 பிரிவுகள். எண்டோவுக்கு ரேங்க் பத்தாமல் ஓரல் பேத்தாலஜி (வாய் நோய்க்கூறியல்) கிடைத்தால்? 3 வருஷம் கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஸ்லைடு பார்க்கவா?

ஜூன் 17

ஆர்த்தோ (பல் சீரமைப்பு) பிரிவில் எம்டிஎஸ் முடித்த தோழி பேசினாள். சென்னையில் கிளினிக் கிளினிக்காகப் போய்க் கம்பி மட்டும் மாட்டுகிறாள். "பல் எடுத்து வருஷக்கணக்காச்சுடி" என்றாள், பெருமையாகத்தான். இங்கேயோ ஈறு சிகிச்சையில் எம்டிஎஸ் முடித்த சீனியர், பல் பிடுங்குவதிலிருந்து பல்செட் வரை எல்லாம் செய்கிறார். சின்ன ஊரில் ஒரே பிரிவை நம்பி வாடகை கட்ட முடியாது.

ஜூன் 24

ஆடும் பால்பல்லோடு ஒரு குழந்தை. அப்புறம் பாக்குப் போட்டுப் போட்டு வாயில் இரண்டு விரல்கூட நுழையாத ஒருவர். கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, தடவினால் நாராக இருக்கிறது. பயாப்ஸிக்கு அனுப்பினேன். சாயங்காலம் ஒரு ஆச்சிக்கு மெழுகில் பல் அடுக்கிப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முன்பல்லு ரெண்டும் கொஞ்சம் தூக்கலா வையி, என் பல்லு அப்படித்தான் இருந்துச்சு" என்றார். திரும்ப அடுக்கினேன். இதில் எதை விடுவது?

ஜூன் 29

சரி, எம்டிஎஸ் வேண்டாம். லூப்ஸ் (பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி) வாங்குகிறேன். தஞ்சாவூர் எண்டோ டாக்டரிடம் கேட்டேன். கேஸ் சேர்த்து வைத்தால் ஞாயிற்றுக்கிழமை இங்கேயே வருகிறேன் என்றார். அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம். அவருக்கு எவ்வளவு கொடுப்பது என்று இன்னும் பேசவில்லை. அண்ணனிடமும் இன்னும் சொல்லவில்லை.