லின்னேயஸ் பெயருக்கு ஏன் அடைப்புக்குறி?

எம்.எஸ்சி விலங்கியல் வைவாவில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். என் ப்ராஜெக்ட் கைரோனோமிடே குடும்பம், அதாவது கொசு போலவே இருக்கும், ஆனால் கடிக்காத சிறு ஈக்கள். விளக்கைச் சுற்றி மொய்க்குமே, கொசு என்று நினைத்து அடித்துவிடுவோமே, அவைதான். முன்னுரையில் எடுத்துக்காட்டாகக் கைரோனோமஸ் புளுமோசஸ் என்று எழுதி, அருகே அடைப்புக்குறிக்குள் லின்னேயஸ், 1758 என்று போட்டிருந்தேன்.

"இந்த அடைப்புக்குறி எதுக்கும்மா?" என்றார் தேர்வாளர்.

"பெயர் வைத்தவர் சார்."

"அது தெரியுது. அடைப்புக்குறி எதுக்கு?"

புத்தகத்தில் இருந்தது, அப்படியே எழுதினேன் என்றா சொல்ல முடியும்? முழித்தேன்.

விடை இதுதான். 1758இல் லின்னேயஸ் வைத்த பெயர் டிப்புலா புளுமோசா. டிப்புலா என்பது நீண்ட கால்கள் கொண்ட கிரேன் ஈக்களின் பேரினம். 1803இல் மைகன் என்ற பூச்சியியலாளர் கைரோனோமஸ் என்ற பேரினத்தை ஏற்படுத்தினார். பூச்சி இப்போது இருப்பது அதில்தான். பேரினம் மாறினாலும் சிற்றினப் பெயரும், அதை வைத்தவரும், ஆண்டும் அப்படியே தொடரும். வீடு மாறியிருக்கிறது என்று சொல்வதற்குத்தான் அடைப்புக்குறி. விகுதி மட்டும் மாறும். டிப்புலா பெண்பால், அதனால் புளுமோசா. கைரோனோமஸ் ஆண்பால், அதனால் புளுமோசஸ். நம் வந்தாள், வந்தான் கதைதான். கைரோனோமஸ் ரிப்பேரியஸ், மைகன், 1804 என்பதில் அடைப்புக்குறி கிடையாது, ஏனென்றால் அது பிறந்த வீட்டிலேயே இருக்கிறது. கைரோனோமஸ் தும்மி கதை வேறு. அதுவும் ரிப்பேரியஸும் ஒன்றே என்று முடிவானதால் தும்மி என்ற பெயரே விலகிவிட்டது. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் வகைப்பாட்டியல் வைவாவில் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

மீதிப் பாதி ஆய்வகத்தில் இருக்கிறது. அங்கே நான் செய்த தவறு இன்னும் பெரியது.

என்னிடம் இருந்த ஓர் ஆண் பூச்சியை ஆர்த்தோகிளாடினே துணைக்குடும்பம் என்று குறித்து வைத்திருந்தேன். ஆணின் வயிற்று நுனியில் பற்றுக்குறடு போல இரண்டு உறுப்புகள் உண்டு. ஒவ்வொன்றிலும் அடித்துண்டு கோனோகாக்சைட், நுனித்துண்டு கோனோஸ்டைலஸ். ஆர்த்தோகிளாடினேயில் நுனித்துண்டு மடக்குக் கத்தி போல உள்பக்கம் மடங்கும். கைரோனோமஸ் இருக்கும் துணைக்குடும்பமான கைரோனோமினேயில் மடங்காது, பின்பக்கமாக நீட்டிக்கொண்டே நிற்கும். என் ஸ்லைடில் மடங்கியிருந்தது, நானும் நம்பிவிட்டேன்.

மடங்கவில்லை. பூச்சி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, மேலே கவர்ஸ்லிப்பை அழுத்தியிருந்தேன், அவ்வளவுதான். சந்தேகத்தைக் கிளப்பியது முன்கால். டிபியா என்ற கீழ்க்கால் துண்டைவிட அதற்கடுத்த டார்சஸின், அதாவது பாதத்தின், முதல் கணு நீளமாக இருந்தது. அது பெரும்பாலும் கைரோனோமினேயின் அடையாளம். இரண்டு உறுப்பும் இரண்டு கதை சொன்னால் ஸ்லைடைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வேறோர் ஆணை எடுத்து, வயிற்று நுனியை 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, தசையெல்லாம் கரைந்த பிறகு முதுகுப்பக்கம் மேலே வரும்படி திருப்பி வைத்தேன். கோனோஸ்டைலஸ் நேராக நின்றது. ஒரு வாரம் எழுதிய அத்தியாயம் குப்பைக்குப் போனது.

அந்த முன்காலே தப்பிப் பிழைத்ததுதான். ஆல்கஹாலில் கிடக்கும் பூச்சியின் கால்கள் தொட்டாலே கழன்று விழும். ஒரு குப்பிக்கு ஒரு பூச்சி என்று வைத்தால் விழுந்த கால் யாருடையது என்ற குழப்பம் வராது. நான் இருபதை ஒன்றாகப் போட்டிருந்தேன்.

அப்புறம், இந்தப் பூச்சிகளின் இளம்பருவமான புழு சிவப்பாக இருக்கிறது, எனவே கைரோனோமஸ் என்று எழுதிவிடாதீர்கள். மீன் தொட்டிக் கடையில் ரத்தப்புழு என்று விற்கிறார்களே, அந்தச் சிவப்பு ஹீமோகுளோபின். அது வேறு பேரினங்களிலும் உண்டு. புழுவில் பார்க்க வேண்டியது தலைக்கு அடியில் இருக்கும் மென்டம் என்ற பல்தட்டையும், அதன் இரு பக்கமும் விசிறி போல வரியோடிய தகடுகளையும். முடிந்தால் ஒரு புழுவைத் தனியாக வளர்த்து, அது உரித்த புழுத்தோல், கூட்டுப்புழுத்தோல், வெளிவந்த ஆண் மூன்றையும் ஒரே எண்ணில் வையுங்கள். ஒரு சிற்றினத்தை வேறு பேரினத்துக்கு மாற்ற வேண்டும் என்று வாதிடுபவரிடம் இந்த மூன்று பருவங்களும் இருந்தால் எதிர்வாதம் கடினம். எனக்குப் பத்துப் புழுக்களில் இரண்டுதான் பறந்தன. அதிலும் ஒன்று பெண்.