எட்டு மாதப் பள்ளமும் பத்து ரூபாய் ஸ்டாம்பும்

எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி எட்டு மாதம் ஆகிறது. வாசலுக்கு ஒரு மரப்பலகை, அதன் மேல் பால்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். பணி விவரப் பலகையில் மதிப்பீட்டுத் தொகை பளிச்சென்று தெரிகிறது, முடிக்க வேண்டிய தேதியின் மேல் மட்டும் யாரோ டியூஷன் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள் (தற்செயல்தான், நம்புவோம்).

கான்ட்ராக்டரைக் கேட்டால் கரண்ட் கேபிளை மாற்றித் தரவில்லை என்கிறார், இன்ஜினியரைக் கேட்டால் கான்ட்ராக்டரிடம் ஆள் இல்லை என்கிறார். சரி, வேலைதான் நகரவில்லை, பில் நகர்ந்ததா? முடித்த வேலையை அளந்து எம்-புக்கில் (மெஷர்மென்ட் புக், அதாவது அளவுப் பதிவேடு) எழுதினால்தான் பில் பாஸாகும், அதனால் கதை முழுக்க அந்த நோட்டில்தான் இருக்கிறது. தாமதத்துக்கு அபராதம் போட ஒப்பந்தத்தில் இடம் உண்டு, ஆனால் அபராதமில்லாமல் காலநீட்டிப்பு கொடுத்துவிட்டால் அது காகிதத்தோடு சரி.

நேற்று 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 2005 தகவல் உரிமைச் சட்டப்படி எம்-புக் நகலும் காலநீட்டிப்பு உத்தரவும் கேட்டு மனு எழுதினேன். 30 நாளில் பதில் வர வேண்டும். எழுதும்போது எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுத் தாத்தா, "கான்கிரீட் சாம்பிளும் கேளுப்பா, விஷயமே அதுலதான்" என்றார். சட்டத்தின் 2ஆம் பிரிவில் அதற்கும் உரிமை இருக்கிறது. அப்புறம் என்ன, அதையும் சேர்த்துவிட்டேன்.