சுழி மட்டும் பார்த்தால் போதாது

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்குக் குதிரை வாங்கப் போகிறவர்கள் வாரியர் என்ற குதிரையைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். 1908இல் இங்கிலாந்தின் வைட் தீவில் பிறந்தது. அதன் சொந்தக்காரர் ஜாக் சீலி, 1912 முதல் பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர். அயர்லாந்தின் கரா முகாமில் ராணுவ அதிகாரிகள் அரசுக்குப் பணிய மறுத்த விவகாரத்தில் 1914 மார்ச்சில் பதவி விலகினார். அதே வருடம் வாரியரோடு முதல் உலகப் போர்முனைக்குப் போனார். 1918 மார்ச் 30, பிரான்சின் மொரூய் காட்டில் கனடா குதிரைப்படையை வாரியர் மேலிருந்தே முன்னடத்தினார். பீரங்கிச் சத்தத்துக்கு நிலைகுலையாத குதிரை. குதிரை வாங்குகிறவர்கள் ராசி பார்க்கும் மயிர்ச்சுழியைவிட, என் கணக்கில் இந்தக் குணம்தான் பெரிது.

சந்தையில் இதைச் சோதிக்கலாம். உதை எட்டாத தூரத்தில், பக்கவாட்டில் நின்று தகரத்தைத் தட்டச் சொல்லுங்கள். காது சத்தத்தின் பக்கம் திரும்பி உடனே தளர்ந்தால் நல்லது. கண்வெள்ளை தெரிய, வாலை ஒடுக்கிக்கொண்டு நெடுநேரம் நடுங்கினால் வாங்காதீர்கள்; தேர்க்கூட்டத்து மேளத்தில் அது கட்டுக்கு அடங்காது.