சுங்கை சிப்புட் அடுப்பில் ஃபோ

வியட்நாமியச் சமையல் நூலிலிருந்து முதலில் கோழி ஃபோ என்னும் நூடல்ஸ் சூப்பைத்தான் தேர்ந்தெடுத்தேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி புழங்குவதில்லை. இஞ்சியையும் வெங்காயத்தையும் தோலோடு தீயில் கருகச் சுட்டு, கருகலை நீக்கி, அன்னாசிப்பூ, பட்டை, கொத்தமல்லி விதை ஆகியவற்றுடன் கோழி எலும்புச் சாற்றில் இட்டுச் சிறுதீயில் வைக்க வேண்டும். தளதளவெனக் கொதித்தால் சாறு கலங்கிவிடும். பெரும்பாலும் நம் பிரியாணிச் சாமான்கள்தாம் என்றாலும், மிளகாயும் மஞ்சளும் இல்லாத அந்தத் தெளிந்த சாற்றைப் பார்த்த அம்மா, “காய்ச்சல்காரருக்கா?” என்று கேட்டார். மீன் சாஸ் சேர்ந்த பிறகு இரண்டாம் கிண்ணம் கேட்டவரும் அவரே. நூடல்ஸுக்குச் சந்தையில் கிடைக்கும் கொய்த்தியாவ் என்னும் தட்டையான அரிசி நூடல்ஸ் போதுமானது. லக்சா என்னும் நூடல்ஸ் குழம்பில் போடும் கெசும் என்ற வாசனை இலையை வியட்நாமியர் கோழிச் சாலட்டில் சேர்க்கின்றனர்; அந்த இலை எங்கள் குழாயடியில் மண்டிக் கிடப்பதால் அடுத்த சமையல் அந்தச் சாலட்தான்.