ஆபீஸ் போனை இன்டர்நெட்டுக்கு மாற்றினோம், ஒரு லைனைத் தவிர

எங்கள் ஆபீஸில் 12 பேர், நாலு லேண்ட்லைன், எல்லாவற்றுக்கும் நடுவில், வெளி லைன்களை ஆபீஸ் போன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டி. அந்தப் பெட்டி பழுதானபோதுதான், அதே மாதிரி இன்னொன்று வாங்குவதா, இல்லை இன்டர்நெட் வழியாகப் பேசும் விஓஐபி சேவைக்குப் போய்விடுவதா என்ற பேச்சு வந்தது. விசாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

விற்க வந்தவர்கள் வசதிகளை அடுக்கினார்கள். வீட்டிலிருந்தே ஆபீஸ் நம்பரில் பேசலாம், கால் ரெக்கார்ட் ஆகும், புது ஆள் சேர்ந்தால் தனியாக ஒயர் இழுக்க வேண்டாம். எல்லாமே உண்மைதான். ஆனால் உங்கள் நெட் தாங்குமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நானே கணக்குப் போட்டேன். ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டல் டேட்டாவாக மாற்றும் முறை) ஒரு காலுக்குப் போக ஒரு 90 கேபிபிஎஸ், வர ஒரு 90, அவ்வளவுதான். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு திசைக்கு 1 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. சரி, தாராளமாகப் போதும் என்று இரண்டு போனை மட்டும் மாட்டிச் சோதித்துப் பார்த்தோம்.

காலையெல்லாம் குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. மாலை ஐந்து மணி ஆனால் போதும், நாங்கள் பேசுவது எதிர்முனையில் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று புகார் வரும், அவர்கள் பேசுவது எங்களுக்கு நன்றாகவே கேட்கும், இது ஏன் என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் அந்த நேரத்தில்தான் கணக்கு ஃபைல்கள் பேக்கப்புக்காக மேலே ஏறுகின்றன என்பது பிடிபட்டது. அப்லோடு நிரம்பிவிட்டால் குரலைச் சுமக்கும் பாக்கெட்டுகள் (சின்னச் சின்ன டேட்டா துண்டுகள்) ரவுட்டரில் வரிசையில் காத்துக் கிடக்கும். ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடியைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் பரிந்துரை. எங்களுக்கு அது எங்கேயோ போயிருந்தது. பேக்கப்பை ராத்திரிக்குத் தள்ளி, ரவுட்டரில் க்யூஓஎஸ் என்ற முன்னுரிமை அமைப்பைப் போட்டுக் குரலுக்கு முதலிடம் கொடுத்ததும் சரியானது. அப்புறம் சில கால்களில் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டது. அதற்குக் காரணம், இன்டர்நெட் கால்களின் தகவல்களை நடுவில் திருத்தும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற ரவுட்டர் வசதி. அதை அணைத்தோம், தீர்ந்தது.

கரண்ட் விஷயம்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. காப்பர் லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வருகிறது, அதனால் சாதாரண போன் கரண்ட் போனாலும் வேலை செய்யும். இன்டர்நெட் போனுக்கு ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச் மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் எல்லா போனும் ஊமை. யுபிஎஸ் போட்டோம், அப்படியும் தீ எச்சரிக்கைக் கருவிக்கும் ஃபேக்ஸுக்கும் ஒரு காப்பர் லைனை வைத்துக்கொண்டோம். இன்டர்நெட் போனில் ஃபேக்ஸை நம்ப முடியாது, சேவை டி.38-ஐ (இன்டர்நெட் வழி ஃபேக்ஸுக்கான முறை) ஆதரித்தால் மட்டும் முயன்று பார்க்கலாம்.

நம்பர் போர்ட், அதாவது பழைய நம்பர்களைப் புதுச் சேவைக்கு மாற்றுவது, முடியும் வரை பழைய லைனை ரத்து செய்துவிடாதீர்கள், நம்பரே கைவிட்டுப் போகலாம். நான் ரத்து செய்யச் சொல்லிக் கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன், கூட வேலை பார்ப்பவர்தான் தடுத்தார். போர்ட் ஆன அன்று காலையில் வெளியிலிருந்து நாலு நம்பருக்கும் அடித்துப் பார்த்தேன். மூன்று புது போன்களில் ஒலித்தன, நாலாவது பழைய போனிலேயே.