செய்தி சொல்லிவிட்டுப் போன பிறகு

போரில் மகனைப் பறிகொடுத்த ஒரு வீட்டின் கதை எடிட்டிங்குக்கு வந்தபோது, இயக்குநர் முதலில் போட்டுக் காட்டியது வாசல் காட்சியைத்தான். சீருடையில் இருவர், காலிங் பெல், கதவைத் திறக்கும் அம்மா, அலறல். எல்லா ஆங்கிளிலும் நடிப்பு உச்சத்தில் இருந்தது. "படமே இதுலதான் சார் இருக்கு" என்றார். எனக்கு அப்படிப் படவில்லை. செய்தி வந்து சேர ஒரு நிமிஷம் போதும். அதற்கப்புறம் அந்த வீட்டில் பொழுது எப்படிப் போகிறது என்பதுதான் படம். இதைச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். நீளத்தைக் குறைக்க உட்கார்ந்தால் மட்டும் முதல் வெட்டு அந்தப் பொழுதின் மேல்தான் விழும்.

ஆலோசகராக ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வந்திருந்தார். இப்படிச் செய்தி சொல்லப் பல வீட்டுப் படி ஏறியவர். ரஃப் கட்டை, அதாவது முதல்கட்டமாகக் கோத்த படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அலறுறதும் உண்டு தம்பி. ஒரு வீட்ல அந்தம்மா எங்களை உட்காரச் சொல்லி, வேர்த்திருக்கேன்னு ஃபேனைப் போட்டுவிட்டாங்க. அப்புறம்தான் என்ன விஷயம்னு கேட்டாங்க. வாசல்ல பார்த்தப்பவே அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது."

இந்த வேலைக்கென்று எழுதிவைத்த விதிமுறைகளே உண்டு. அமெரிக்கத் தரைப்படையில் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். காலை 5 மணிக்கு முன்னும் நள்ளிரவுக்குப் பின்னும் கதவைத் தட்டக் கூடாது. சாமுவேல் மாவோஸ் எடுத்த ‘ஃபாக்ஸ்ட்ராட்’ என்ற இஸ்ரேலியப் படத்தில் (2017), செய்தி சொல்ல வந்த சிப்பாய், மணிக்கொரு தரம் தண்ணீர் குடிக்கும்படி தகப்பனின் செல்போனில் அலாரம் வைத்துவிட்டுப் போவான். அதே காட்சியில் தாய் மயங்கி விழுகிறாள். என்னை உலுக்கியது அந்த அலாரம்தான்.

எங்கள் படத்தில் அப்படி ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. அப்பா இழப்பீட்டு விண்ணப்பத்தை நிரப்பும் காட்சி. ‘இறந்தவருக்கு என்ன உறவு’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நிஜமாகவே எழுதவில்லை. நடிகர் நடிப்பை நிறுத்தவில்லை. தாளின் ஓரத்தில் சுழித்துச் சுழித்துக் கிறுக்கி, மை இறங்கியதும் ‘தந்தை’ என்று எழுதிவிட்டு, கிறுக்கிய இடத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். அது இன்னும் அசிங்கமாக ஈஷிக்கொண்டது. கண்டினியூட்டி குறிப்பில் அந்த டேக் ‘என்.ஜி.’ (நோ குட், உதவாது). நான் அதைத்தான் வைத்தேன். அதன்மேல் வயலின் போட்டிருந்தார்கள். ட்ராக்கை மியூட் செய்து, பேனா தாளில் உரசும் சத்தத்தை மட்டும் விட்டேன். இசையமைப்பாளர் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பெரிய சண்டை வந்தது, அப்பாவும் அம்மாவும் கட்டிக்கொண்டு அழும் காட்சிக்குத்தான். ஒரே சாவு என்பதால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே துக்கம் என்று திரைக்கதைகள் எடுத்துக்கொள்கின்றன. ஜெர்மானியச் சிற்பி கேத்தே கோல்விட்ஸின் மகன் 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் செத்தான். அவனுக்காக அவர் வடித்த பெற்றோர் சிலைகள் அங்கே நிறுவப்பட்டது 1932இல். இரண்டு சிலைகள், தனித்தனி பீடம். தாய் குனிந்து மடங்கியிருக்கிறாள். தகப்பன் தன் கைகளாலேயே தன்னை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்து மண்டியிட்டிருக்கிறான். நடுவே இடைவெளி. அந்தச் சிலைகளின் புகைப்படத்தை மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்தேன். கட்டிக்கொள்ளும் ஷாட்டை எடுத்துவிட்டு, இருவரையும் அவரவர் குளோசப்பிலேயே விட்டேன். இயக்குநர் முனகினார், அப்புறம் விட்டுவிட்டார்.

மாதக்கணக்கில் ஒரே அழுகையை ஓட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். மரத்துப்போகும். எந்தக் கண்ணில் கிளிசரின் அதிகம் என்பது மட்டும்தான் தெரியும். அதனால் புது கட் போடும்போது நான் ஸ்கிரீனைப் பார்ப்பதில்லை, அசிஸ்டென்ட் பையனைப் பார்ப்பேன். அவன் போனை எடுத்தால் அந்த இடம் தொய்கிறது என்று அர்த்தம். பேனா காட்சியில் எடுக்கவில்லை. வாசல் அலறலில் ரெண்டு தடவை எடுத்தான்!

கடைசியில் தயாரிப்பாளர் பத்து நிமிஷம் குறைக்கச் சொன்னார். அலறலைப் பாதியாக்கினேன், போதவில்லை. தங்கை, செத்துப்போன அண்ணனின் நம்பர் வேறு யாருக்கோ போய்விடக் கூடாது என்று மாதாமாதம் ரீசார்ஜ் செய்யும் காட்சி ஒன்று இருந்தது. ‘கதைக்குத் தேவையில்லை’ என்று அதைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். அந்தக் காட்சி போனதும் தங்கை பாத்திரம் சும்மா வந்து நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. விமர்சனம் எழுதியவர்களும் அதையே சொன்னார்கள்.